பாதி மாறிய மணல்

கன்னியாகுமரிக் கடற்கரையில் சங்கு, பாசிமாலைக் கடைகளுக்கு நடுவே மணலையும் பொட்டலம் போட்டு விற்பார்கள். கருப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று நிறத்துக்கொரு பொட்டலம். காசு கொடுத்தால் மணல், கேட்டால் கதை. சுசீந்திரம் தாணுமாலயன் குமரியைக் கைப்பிடிக்க நள்ளிரவு முகூர்த்தத்துக்குப் புறப்பட்டு வருகிறார். வழுக்கம்பாறையை நெருங்கும்போது நாரதர் சேவலாக மாறிக் கூவிவிடுகிறார். பொழுது விடிந்துவிட்டது, முகூர்த்தம் தப்பிவிட்டது என்று மாப்பிள்ளை வந்த வழியே திரும்பிப் போக, கல்யாணச் சமையலுக்குக் குவித்து வைத்திருந்த அரிசியும் பருப்பும் அப்படியே மணலாகிப் போயின. அரிசி மணல் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இந்தக் கதையில் நல்ல கனிமவியல் இருக்கிறது. ஒரு பொருள் தன் வெளிவடிவத்தை விடாமல் உள்ளிருக்கும் சரக்கை முழுவதும் இழக்க, அதே இடத்தில் வேறொரு பொருள் வந்து குடியேறுவது பாறைகளில் சாதாரணமாக நடப்பது. அப்படி உருவான மாதிரிகளைக் கனிமவியலில் ‘சூடோமார்ப்’ என்பார்கள். இந்த அத்தியாயத்தில் அவற்றைப் போலியுரு என்று எழுதுகிறேன். கதைக்கு உரிய அரிசி மணல் போலியுரு இல்லை. அது குவார்ட்சு முதலான வெளிறிய கனிமங்களின் துணுக்கு, அவ்வளவுதான். ஆனால் அதே கடையில் பக்கத்துப் பொட்டலத்தில் இருக்கும் கருப்பு மணலில் போலியுருக்கள் உண்மையாகவே இருக்கின்றன. மாறாத துகள், பாதி மாறிய துகள், அடையாளம் தெரியாமல் மாறிவிட்ட துகள் என்று எல்லாப் படியிலும் இருக்கின்றன. உலகெங்கும் சேகரிப்பாளர்கள் பெரும்பணம் கொடுத்து வாங்கும் ஒரு பொருளின் பொடி வடிவத்தை நாம் காலில் ஒட்டிக்கொண்டு வந்து வாசலில் தட்டிவிடுகிறோம்.

போலியுருக்களைச் சேர்ப்பவர்கள் கனிமச் சேகரிப்பாளர்களில் தனி ரகம். மற்றவர்கள் அழகான படிகத்தைத் தேடும்போது இவர்கள் பொருந்தாத படிகத்தைத் தேடுவார்கள். கனசதுரமாக இருக்கும், பைரைட்டுக்கே உரிய வரிகள் முகங்களில் ஓடும், ஆனால் பொன்னிறம் இருக்காது. உரசினால் துரு நிறத்தில் பொடி உதிரும். இரும்பு சல்பைடான பைரைட் போய், இரும்பும் ஆக்சிசனும் நீரும் சேர்ந்த கோதைட் அதன் இடத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் செயின்ட் ஆக்னஸ் ஊரையொட்டிய வீல் கோட்ஸ் சுரங்கத்தில் ஃபெல்ஸ்பாரின் இரட்டைப் படிகம் போலவே தோன்றும் கட்டிகள் கிடைத்தன. கையில் எடுத்தால் கனம் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே இருப்பது வெள்ளீயத் தாதுவான காசிட்டரைட்.

இத்தகைய மாதிரிகளுக்கு 1801இல் பெயர் வைத்தவர் படிகவியலின் முன்னோடியான பிரெஞ்சுப் பாதிரியார் ரெனே ஜுஸ்ட் அவுயி. ஹைடல்பர்கில் பேராசிரியராக இருந்த ரைன்ஹார்ட் ப்ளூம் 1843இல் போலியுருக்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். அதோடு அவரால் நிறுத்த முடியவில்லை. 1847, 1852, 1863, 1879 என்று நான்கு பின்னிணைப்புகள் வெளியிட வேண்டியிருந்தது. தேடத் தேடப் பட்டியல் நீண்டது. பாறை என்றால் படைத்த நாளிலிருந்து அப்படியே கிடப்பது என்ற எண்ணத்தைக் கலைத்ததில் இந்தப் பட்டியலுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தியாவிலும் புகழ்பெற்றவை இருக்கின்றன. மும்பையின் மலாட், காந்திவலி பகுதிக் கல்குவாரிகளில் எரிமலைப் பாறையின் பொந்துகளில் வெளிர்பச்சை நிறத்தில் விரல்கள் நீட்டிக்கொண்டிருப்பது போன்ற பிரெனைட் கிடைத்தது. லாமொன்டைட் என்ற கனிமத்தின் நீண்ட படிகங்கள் மீது பிரெனைட் போர்த்தியது. பிறகு உள்ளே இருந்தது கரைந்து போயிற்று. உறை மட்டும் மிஞ்சிய இந்த வகை, போலியுருக்களுக்கு ஒன்றுவிட்ட உறவு. தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்தவை கல்மரங்கள். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் ஏறக்குறைய 2 கோடி ஆண்டுப் பழமையான மரங்கள் சிலிக்காவாகிக் கிடப்பதை 1781இல் பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னரா குறித்து வைத்தார். பெரம்பலூர் பகுதியில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் கிடக்கும் மரம் அதைவிடப் பல மடங்கு பழையது. சுமார் 12 கோடி ஆண்டு. 1940இல் அதைக் கண்டறிந்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன். மரம் கனிமம் இல்லையென்பதால் கண்டிப்பான வகைப்பாட்டாளர்கள் இவற்றைப் போலியுருக்களோடு சேர்க்கத் தயங்குவார்கள். எனக்கு அந்தத் தயக்கம் கிடையாது. செல் சுவர் வரை வடிவம் நிற்க, சரக்கு மாறியிருக்கிறது. வேறு என்ன வேண்டும்? இரண்டு இடங்களும் பாதுகாக்கப்பட்டவை. பார்க்கலாம், பொறுக்கக் கூடாது.

இது எப்படி நடக்கிறது என்ற கேள்விக்கு நெடுங்காலம் தெளிவான விடை இல்லை. திடப்பொருளுக்குள் அணுக்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மெல்ல இடம் மாறுகின்றன என்று ஒரு கருத்து இருந்தது. சாதாரண வெப்பநிலையில் திடப்பொருளுக்குள் அணுக்கள் நகரும் வேகம் இதற்குக் கொஞ்சமும் போதாது. கிறிஸ்டீன் பட்னிஸ் ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து 2005இல் வெளியிட்ட ஒரு சோதனை விஷயத்தைக் கண்முன் கொண்டுவந்தது. பொட்டாசியம் புரோமைடின் தெளிந்த படிகம் ஒன்றை எடுத்து, பொட்டாசியம் குளோரைடின் தெவிட்டிய கரைசலில் போட்டார்கள். சற்று நேரத்தில் படிகத்தின் ஓரங்கள் பால்போல வெளுத்தன. வெளுப்பு உள்நோக்கி நகர்ந்தது. வடிவமும் விளிம்புகளும் குலையவில்லை. வெளுத்த பகுதியில் புரோமைடு குறைந்து குளோரைடு வந்திருந்தது.

கரைசல் படிகத்தின் மேல்தோலைக் கரைக்கிறது. கரைந்த உப்பு, படிகத்தை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் சேர்கிறது. அந்தப் படலம் புதிய உப்புக்குத் தெவிட்டிவிடுவதால் அது அங்கேயே, கரைந்த இடத்திலேயே படிகிறது. கரைவதும் படிவதும் ஒரே எல்லையில், ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்து நடப்பதால்தான் வடிவம் காப்பாற்றப்படுகிறது. படிவது பிந்தினால் வெறும் பொந்து உண்டாகும். வேறிடத்தில் படிந்தால் மேலே பொருக்கு கட்டும். வந்தது போனதைவிடக் கொஞ்சம் குறைவு என்பதால் புதிய பொருளில் நுண்துளைகள் விழுகின்றன. பால் நிறம் அந்தத் துளைகளால் வந்தது. அந்தத் துளைகள் வழியாகத்தான் கரைசல் அடுத்த அடுக்குக்குப் போய்ச் சேருகிறது. துளை விழாவிட்டால் மாற்றம் மேல்தோலோடு நின்றுபோகும்.

இதைத் தெரிந்துகொண்டபின் ஒரு சேகரிப்பை நான் பார்க்கும் விதமே வேறு. கண்காட்சிகளில் விலை ஏறுவது முழுக்க மாறிய, மூலைகள் கூர்மையான மாதிரிகளுக்கு. பாதி மாறியதைக் குறையுள்ளதென்று ஒதுக்கிவைப்பார்கள். அறிவியலுக்கு வேண்டியதோ அந்தப் பாதி. முழுக்க மாறியது முடிவை மட்டும் காட்டும். பாதி மாறியதில் பழையதும் புதியதும் சந்திக்கும் எல்லை இருக்கிறது; துளை எந்தப் பக்கம், விரிசல் எந்தப் பக்கம், நீர் எந்த வழியாக நுழைந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

முழுமையான மாதிரி எப்படி ஏமாற்றும் என்பதற்குப் புலிக்கண் கல் சரியான எடுத்துக்காட்டு. மோதிரக் கடைகளில் பழுப்பும் பொன்னுமாக ஒளி ஓடும் கல். தென்னாப்பிரிக்காவிலிருந்து வருவது. குரோசிடோலைட் என்ற கல்நார் இழைகளைக் குவார்ட்சு அப்படியே பெயர்த்துவிட்டு இடம்பிடித்தது என்று ஃபெர்டினாண்ட் விபெல் 1873இல் எழுதினார். பாடநூல்களில் போலியுருவுக்கு முதல் எடுத்துக்காட்டாக அது நிலைத்துவிட்டது. 2003இல் பென்சில்வேனியாவின் பீட்டர் ஹீனியும் டொனால்ட் ஃபிஷரும் நுண்ணோக்கியில் பார்த்து வேறு சொன்னார்கள். பாறை விரிசல் விடுகிறது, விரிசலைக் குவார்ட்சு அடைக்கிறது, மறுபடி விரிசல், மறுபடி அடைப்பு. குவார்ட்சும் இழைகளும் கூடவே வளர்ந்தவை, ஒன்றின் இடத்தில் ஒன்று வரவில்லை என்பது அவர்கள் முடிவு. 130 ஆண்டுப் பாடம் ஆட்டம் கண்டது. என் அலமாரியாக இருந்தால் புலிக்கண்ணைப் போலியுரு வரிசையிலிருந்து எடுத்து அடுத்த தட்டில் வைத்துவிடுவேன்.

இனி மணவாளக்குறிச்சி.

நாஞ்சில் நாட்டுக் கடப்புறத்தில், வள்ளியாறு கடலைச் சேரும் கடியபட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது மணவாளக்குறிச்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது திருவிதாங்கூர் சமஸ்தானம். இங்கிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்த ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலர் 1909இல் அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். எரிவாயு விளக்குகளின் வலைத்திரி தோரியத்தால் ஆனது. தோரியத்துக்கு மோனசைட் வேண்டும். அதுவரை பிரேசில்தான் அதற்கு வழி. சில ஆண்டுகளுக்குள் ஷோம்பெர்க் இங்கேயே வந்து மணல் பிரிக்கும் ஆலை அமைத்தார். முதல் உலகப் போர் வந்ததும் அவர் சிறைப்பட்டது வேறு கதை. மோனசைட் எடுத்தபின் மலைபோல மிஞ்சிய கருப்பு மணலை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. டைட்டானிய வெள்ளைச் சாயம் சந்தைக்கு வந்தபின்தான் அதற்கு மதிப்பு வந்தது. 1922இல் ஏற்றுமதி தொடங்கியது. இன்று அரசின் இந்திய அருமணல் நிறுவனம் நடத்தும் மணல் ஆலை அதன் வாரிசு. 1965இல் மணவாளக்குறிச்சியும் சவறாவும் அந்நிறுவனத்தின் கைக்கு வந்தன.

அந்தக் கருப்பு மணல் இல்மனைட். இரும்பு ஒன்று, டைட்டானியம் ஒன்று, ஆக்சிசன் மூன்று என்ற கணக்கில் அமைந்தது. டைட்டானியம் என்ற தனிமமே உலகுக்குத் தெரியவந்தது இப்படியொரு கருப்பு மணலிலிருந்துதான்: 1791இல் கார்ன்வாலில் மானக்கன் என்ற ஊரின் ஓடை மணலைச் சோதித்த வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் அதைக் கண்டறிந்தார். 1795இல் பெயர் வைத்தவர் பெர்லினின் கிளாப்ரோத்.

நம் இல்மனைட் பிறந்தது மலையில். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியிலும் அதன் அடிவாரப் பொற்றைகளிலும் உள்ள சார்னோக்கைட், கோண்டலைட் வகைப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருவெடுத்தவை. மழையும் வெயிலும் அவற்றை மக்க வைத்தபோது கரையாமல் தப்பிய கனிமங்கள் ஆற்றோடு வந்தன. கடல் செய்வது தரம் பிரிக்கும் வேலை. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் அலை கரையில் ஏறி இறங்குவது சுளவில் தானியம் புடைப்பது மாதிரி. இலேசான குவார்ட்சு விலகி ஓட, அதைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு அடர்த்தியுள்ள இல்மனைட்டும், மோனசைட்டும், சிர்க்கானும், செந்நிறக் கார்னெட்டும் கரையிலேயே தங்கும். அலை வடிந்த கரையில் கருப்புக்கும் சிவப்புக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் தெரிவது இதனால்தான்.

இல்மனைட் மாறுவது அலையில் இல்லை. அதற்கு முன்பே, மக்கிய பாறையிலும் மண்ணிலும் பழைய மணல் மேடுகளின் அடியில் தேங்கும் நீரிலும், மெல்ல மெல்ல நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிரேயும் ரீடும் 1975இல் இதை இரண்டு கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். போலியுரு பற்றி நான் படித்ததில் என்னை மிகவும் கவர்ந்த விளக்கம் இதுதான், ஏனென்றால் ஒரே துகளுக்குள் இரண்டு வேறு வழிகளில் வடிவம் காப்பாற்றப்படுகிறது.

முதல் கட்டம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே நடக்கும். இல்மனைட்டில் இரும்பு இரண்டு மின்னூட்டத்தோடு இருக்கிறது. அது எலக்ட்ரானை இழந்து மூன்று மின்னூட்டத்துக்கு ஏறுகிறது. மூன்று இரும்பு அணுக்கள் இருந்தால், இரண்டு ஏறிவிட்டாலே போதும், மின்னூட்டக் கணக்கு நேராகிவிடும்; மூன்றாவது அணுவுக்கு இடமில்லை. அது நீரில் வெளியேறுகிறது. ஆக்சிசன் அணுக்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும் சட்டகமோ அசைவதில்லை. வீட்டின் சுவர் நிற்க, மூன்றில் ஒரு குடித்தனம் காலி செய்கிறது. மிஞ்சுவது சூடோரூட்டைல். இரண்டு இரும்பு, மூன்று டைட்டானியம், ஒன்பது ஆக்சிசன்.

இரண்டாம் கட்டம் மேலே, காற்றும் மண்ணின் அமிலமும் எட்டும் இடத்தில் நடக்கும். இங்கே சட்டகமே கலைகிறது. சூடோரூட்டைல் கரைந்து, இரும்பு வெளியேறி, டைட்டானியம் மட்டும் அங்கேயே மிக நுண்ணிய ரூட்டைல் படிகங்களாகப் படிகிறது. பட்னிஸ் சோதனையில் பார்த்த அதே கரைதலும் படிதலும். துகளின் வெளி உருவம் நிற்கிறது, உள்ளே எங்கும் நுண்துளை. இந்தக் கலவைக்கு லூக்காக்சீன் என்று பெயர். கரும்பளபளப்பு போய்ப் பழுப்பாகி, பிறகு சாம்பலும் மஞ்சளும் கலந்த வெளிர் நிறத்துக்கு வந்துவிடும்.

நடுவில் நிற்கும் சூடோரூட்டைல் அங்கீகாரம் பெறப் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஷோம்பெர்க் மோனசைட்டைக் கண்ட அதே 1909இல் அமெரிக்காவில் பாமர் என்பவர் இதை ஒத்த ஒன்றுக்கு அரிசோனைட் என்று பெயரிட்டார். பிறகு பார்த்தவர்கள் அது கலவை என்று தள்ளினார்கள். 1966இல் டியூஃபரும் டெம்பிளும் சூடோரூட்டைல் என்ற பெயரோடு வந்தார்கள். அதுவும் தனிக் கனிமமா, மாறிக்கொண்டிருக்கும் ஒன்றின் இடைநிலையா என்ற சந்தேகம் தொடர்ந்தது. 1994இல்தான் தென் ஆஸ்திரேலியத் தீவு ஒன்றின் மாதிரியை ஆதாரமாக வைத்துக் கனிமப் பட்டியலில் அதற்கு நிலையான இடம் கிடைத்தது. பாதியில் நிற்பதற்குப் பெயர் கொடுக்க மனிதர்களுக்கு அவ்வளவு தயக்கம்.

இப்போது ஒரு கணக்கு. புத்தம்புதிய இல்மனைட்டில் டைட்டானியம் டை ஆக்சைடின் பங்கு எடையில் 52.6 சதவீதம். சூடோரூட்டைலில் 60 சதவீதம். லூக்காக்சீன் அதற்கும் மேலே. ஆகவே மணலில் இந்த ஒரு எண்ணை அளந்தாலே அது எவ்வளவு தூரம் மாறியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். மணவாளக்குறிச்சி இல்மனைட்டில் ஏறக்குறைய 55. கொல்லத்துக்கு வடக்கே நீண்டகரையிலிருந்து காயங்குளம் வரை நீளும் சவறாக் கடற்கரையின் இல்மனைட்டில் ஏறக்குறைய 60. ஒரே மலைத்தொடர், ஒரே வகைப் பாறைகள், ஒரே கடல். ஆனால் சவறா மணல் சராசரியாக சூடோரூட்டைல் நிலையை எட்டிவிட்டது, நம்முடையது பாதி வழிகூட வரவில்லை. சந்தையில் சவறாச் சரக்கு தனித் தரமாகவும் மணவாளக்குறிச்சிச் சரக்கு ‘எம்.கே.’ என்ற தனித் தரமாகவும் விற்பதற்குக் காரணம் இந்த ஐந்து சதவீதம்தான். ஒடிசாவின் சத்ரபூர் மணல் 50ஐ ஒட்டி நிற்கிறது. தூய இல்மனைட்டைவிடக் குறைகிறதே என்று கேட்கலாம். அங்கே இல்மனைட் துகளுக்குள்ளேயே இரும்பு ஆக்சைடான ஹேமடைட் இழையிழையாகச் செருகியிருக்கிறது, அதனால் எண் இறங்குகிறது.

சவறா ஏன் முந்தியது? மழை. கொல்லம் பக்கத்து உள்நாடு முழுக்க மழையில் ஊறி ஊறி ஆழமாக மக்கிச் செம்புரைக்கல்லான நிலம். அங்கே இல்மனைட் கடலைச் சேருமுன் நெடுங்காலம் ஈரமான, அமிலம் கலந்த மண்ணில் கிடந்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மேற்கே விளவங்கோட்டில் கேரளத்தைப் போல நனைந்தாலும் கிழக்கே அகஸ்தீஸ்வரம் போகப் போகக் காய்ந்துவிடுகிறது. பாறையும் கடலுக்கு அருகிலேயே எழும்பி நிற்கிறது. துகள் மலையைவிட்டுக் கரைக்கு வரும் வழி குறுகியது, ஊறும் காலமும் குறைந்தது. ஆலைக்காரர் கண்ணுக்கு இது குறை. பாதி மாறியதைத் தேடுகிறவனுக்கு மணவாளக்குறிச்சிதான் சவறாவைவிட வளமான இடம்: ஒரே சிட்டிகையில் கண்ணாடிபோல் மின்னும் புதுத் துகளும், விளிம்பு மட்டும் பழுத்ததும், முழுக்க வெளுத்ததும் அருகருகே கிடக்கும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சு போதும் இதைப் பார்க்க. வெயிலில் வெள்ளைக் காகிதத்தின் மேல் மணலைத் தூவி, நிறத்தையும் பளபளப்பையும் கவனிக்க வேண்டும். வலுவான நியோடிமியம் காந்தம் ஒன்றைக் காகிதத்துக்கு அடியில் நகர்த்தினால் புதிய இல்மனைட் துள்ளிக்கொண்டு பின்னால் போகும்; வெளுத்த லூக்காக்சீன் அசையாது. இரும்பு போனதும் ஈர்ப்பும் போயிற்று. மணல் ஆலையில் பெரிய மின்காந்தங்களை வைத்துச் செய்வதும் இதே வேலைதான். மாற்றம் விரிசல்கள் வழியாக உள்ளே நுழைந்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் துகளைப் பிசினில் பதித்துத் தேய்த்து மெருகேற்றி, ஒளி எதிரொளிக்கும் நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். அதற்கு ஒரு கல்லூரிப் புவியியல் துறையின் தயவு வேண்டும்.

பார்த்துவிட்டு மணலை அங்கேயே விட்டுவிடுங்கள். இது வெறும் நல்லொழுக்கப் பேச்சு இல்லை. தேரியிலும் கடற்கரையிலும் உள்ள இல்மனைட், ரூட்டைல், லூக்காக்சீன், கார்னெட், மோனசைட், சிர்க்கான், சில்லிமனைட் அனைத்தும் இந்தியக் கனிமச் சட்டத்தின் அணுக்கனிமப் பட்டியலில் இருக்கின்றன. மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கீழும் வருகிறது. தாது மணல் அள்ளுவதற்குத் தமிழ்நாடு அரசு 2013இல் தடை விதித்தது. மோனசைட்டில் உள்ள தோரியத்தால் இந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். நடந்து போவதால் ஒன்றும் ஆகாது. ஆனால் பிரித்தெடுத்த மோனசைட்டை அலமாரியில் வைத்துக்கொள்வது சட்டத்துக்கும் ஆகாது, உடம்புக்கும் ஆகாது. மணல் எடுப்பது கடலோர ஊர்களில் கொதிப்பான விஷயம் என்பதையும் சேகரிப்பாளர் மறக்கக் கூடாது. கையில் பையோடு கரையில் குனிந்து நிற்பவரை ஊர்க்காரர்கள் சும்மா விடமாட்டார்கள், விடவும் கூடாது.

சேர்க்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே உள்நாட்டுக்குப் போகலாம். மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் வீட்டுக்கு வானம் தோண்டும் இடத்திலோ, ரப்பர் விளைக்குச் சாலை வெட்டிய மேட்டிலோ நின்று பார்த்தால் மக்கிய பாறையின் முழு வெட்டுமுகம் தெரியும். மேலே வெட்டுகல், அதாவது செம்புரைக்கல். மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில் இதைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன் 1807இல் வைத்த லேட்டரைட் என்ற பெயரில்தான் உலகம் இதை அறியும். அதற்குக் கீழே பாறையின் வரிகள் அப்படியே இருக்கும். ஆனால் விரலால் அழுத்தினால் நசுங்கும். வெள்ளை வரி ஒருகாலத்தில் ஃபெல்ஸ்பார், இப்போது கயோலின் களிமண். அதில் பொட்டுப் பொட்டாகத் தெரியும் துருநிற உருண்டைகள் ஒருகாலத்தில் கார்னெட், இப்போது கோதைட்டும் அலுமினியத்தின் நீர் ஆக்சைடான கிப்சைட்டும். நல்ல உருண்டையைப் பக்குவமாகப் பிளந்தால் நடுவில் இன்னும் மாறாத சிவப்புக் கார்னெட் ஒரு மிளகளவு மிஞ்சியிருக்கலாம். அதன் விரிசல்களில் துரு இறங்கியிருக்கும். பட்னிசின் படிகத்தில் நடந்ததை ஒரு நாஞ்சில் நாட்டுக் கார்னெட்டில் காட்டும் மாதிரி அது.

நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். ஒரு கை அளவு கட்டி போதும். இவை ஈரத்தில் உறுதியாகத் தோன்றி வெயிலில் உதிரும். ஆகையால் நிழலில் மெல்ல உலர்த்தி, தண்ணீரில் கரைத்த வெள்ளைப் பசையை இரண்டொரு தடவை ஊறவிட்டால் கட்டிப்படும். ஒரு முகத்தை மட்டும் பசை படாமல் விட்டுவைப்பது நல்லது, பின்னால் யாராவது சோதிக்க விரும்பலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சீட்டு. ஊர்ப் பெயர் மட்டும் எழுதினால் மாதிரிக்குப் பாதி உயிர்தான். தரைமட்டத்திலிருந்து எவ்வளவு கீழே, எந்த வரியில், சுற்றியிருந்தது வெட்டுகல்லா, களியா, கெட்டிப் பாறையா என்பது இருந்தால்தான் மாற்றத்தின் திசை தெரியும். ஒரே வெட்டுமுகத்தில் அடியில் கெட்டிப் பாறையிலிருந்து மேலே வெட்டுகல் வரை படிப்படியாக ஐந்தாறு துண்டு எடுத்து வரிசையாக வைத்தால், அதற்கு ஈடாக மும்பைச் சந்தையிலிருந்து வாங்கிய எந்தப் பளபளப்பான துண்டும் நிற்காது என்பது என் கட்சி.

இல்மனைட் வரிசைக்கும் சட்டத்தை மீறாமல் ஒரு கடைசி உறுப்பினர் உண்டு, ஆலையில் செய்தது. தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்தில் உள்ள டி.சி.டபிள்யூ. ஆலையில் இல்மனைட்டிலிருந்து செயற்கை ரூட்டைல் தயாரிக்கிறார்கள். காஸ்டிக் சோடா எடுக்கும் இடத்தில் குளோரினும், அதிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கையிருப்பு. வறுத்து இரும்பை இளக்கிய இல்மனைட்டைச் சூடான அமிலத்தில் அழுத்தத்தோடு ஊறவைத்தால் இரும்பு கரைந்து போய்விடும். டைட்டானியம் டை ஆக்சைடு 90 சதவீதத்துக்கு மேல் ஏறும். மண்ணுக்குள் யுகக்கணக்கில் நடந்த இரண்டு கட்டங்கள் இங்கே மணிக்கணக்கில் முடிகின்றன. துகளின் அளவும் வடிவும் பழைய இல்மனைட்டுடையதே, உள்ளே மட்டும் துளை. அந்த வடிவம் நிற்பது ஆலைக்காரருக்கு அழகுக்காகத் தேவைப்படுவதில்லை. செயற்கை ரூட்டைலை வாங்கும் சாய ஆலைகள் அதைச் சூடான உலையில் குளோரின் வாயுவின் மேல் மிதக்கவிட்டு வினைபுரிய வைக்கின்றன. துகள் பொடிந்து மாவானால் வாயுவோடு அடித்துக்கொண்டு போய்விடும். மணல் மணலாகவே இருக்க வேண்டும். உலையில் அது டைட்டானியம் டெட்ராகுளோரைடாக மாறி ஆவியாகும்; குளிர்ந்தால் 136 பாகைக்குக் கீழே திரவம். மலையில் பிறந்த படிகத்தின் வடிவம் முடிவது அங்கேதான்.

உலைக்குப் போகுமுன் ஒரு சிட்டிகை கிடைத்தால் வரிசையில் லூக்காக்சீனுக்குப் பக்கத்தில் அதை வைக்கலாம். சீட்டில் செயற்கை என்று பெரிதாக எழுதிவிட வேண்டும். லென்சில் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது கடினம்.